தொண்ணூற்று நாலு வீதம் ஓம்

சில்வெஸ்டருக்கு வாய் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் பிறகு வருகிற படித்த மனிசர் எல்லாரும் அதை மறந்துபோவார்கள். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. கையும் இல்லை, காலும் இல்லை என்ற மாதிரித்தான். ஆனால் வாய்க்கு ஒரு குறையும் கிடையாது. மன்னாரில் பிறந்து, ஜேர்மனியின் எசன் நகரத்துப் பண்டகசாலை ஒன்றில் பதினொரு வருசம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, மூன்று மேலாளர்மாரோடு சண்டை பிடித்த வாய் அது. 2006 ஆவணியில், இறாக்கைத் தட்டில் சிக்கின பெட்டியொன்றை இழுத்துவிட ஏணியில் ஏறினவர், நாலு மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்து முள்ளெலும்பு நொறுங்கி உள்நரம்பு சிதைந்துபோனது. ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோதும் முதலில் வேலை செய்தது வாய்தான். "பெட்டி உடைஞ்சுபோச்சோ?" என்று கேட்டார்.

அவருடைய மனைவி அன்ரனிற்றா முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்கிறவள். அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை. மூன்றாம் மாடி வீட்டை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு பிடித்தாள். மாதா கோயில் ஆட்களைக் கூப்பிட்டு வாசற்படியில் சக்கரக் கதிரை ஏறுகிற மாதிரிப் பலகை போடுவித்தாள். குளியலறைக் கதவை அகலமாக்கினாள். உயர்த்திப் பதிக்கிற கட்டிலுக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டு அதையும் வாங்கினாள். அடுத்த வருசம் சித்திரைக்கு வீடு ஆயத்தம், ஆள் வரவேண்டியதுதான் பாக்கி. சில்வெஸ்டருக்கும் வேறு ஆசை இருக்கவில்லை. யன்னலோரம் கட்டிலைப் போட்டு, மனிசி குழைத்துத் தருகிற சோற்றைத் தின்றுகொண்டு, ரோட்டில் போகிற ஆட்களைக் குறை சொல்லிக்கொண்டு கிடக்கவேண்டும், அவ்வளவுதான்.

அதற்கிடையில்தான் நரம்புக் கட்டளை நிலையம் வந்து குறுக்கே நின்றது.

எசனுக்கும் டுசல்டோர்ஃபுக்கும் நடுவில், காட்டோரமாக, முழுக்கக் கண்ணாடியால் கட்டின கட்டிடம் அது. மூளையில் ஓடுகிற மின்சாரத்தைத் தொப்பி ஒன்றால் பிடித்துக் கணினிக்குக் கொடுப்பார்களாம். கை அசையாத ஆள் நினைப்பாலேயே லைற் போடலாம், ரீவி மாற்றலாம், ரெலிபோன் எடுக்கலாம். "ஆறு கிழமைப் பயிற்சி, பிறகு வீடுதான்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருத்துவக் காப்புறுதியும் சம்மதம். சும்மா சொல்லப்படாது, நல்ல விசயந்தான். அன்ரனிற்றாவும் சந்தோசப்பட்டாள். வாசலில் ஒரு அலுவலர் முப்பத்தொரு பக்கக் கடதாசியை வாசித்துவிட்டு "சம்மதமா?" என்று கேட்க, சில்வெஸ்டர் "யா" என்றார், ஜேர்மனில் ஓம், சம்மதம். அவர் வாயால் சொன்ன முடிவை அந்தக் கட்டிடம் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

முதல் நாள் பேராசிரியர் ஹில்டபிராண்ட் புது நோயாளர் ஏழு பேரையும் சக்கரக் கதிரையில் வரிசையாக வைத்து வரவேற்புரை நிகழ்த்தினார். உயர்ந்த, மெலிந்த, பேசும்போது தன் விரல்களையே பார்த்து ரசிக்கிற மனிதர்.

"பெருமதிப்புக்குரியவர்களே, இந்த இல்லத்தில் நாங்கள் வாயை நம்புவதில்லை. வாய் மரியாதைக்காகப் பேசும். பயத்தில் பேசும். மனைவிக்காகப் பேசும். மூளை ஒன்றுதான் தனக்காகப் பேசுகிறது. இன்றிலிருந்து உங்களுக்கும் உலகத்துக்கும் இடையில் யாரும் நின்று குழப்பப் போவதில்லை. நீங்கள் உட்பட."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டக்கூடிய ஆட்கள் என்றால் அங்கே வேலை செய்கிறவர்கள்தானே.

அதற்கு ஒரு விதியும் இருந்தது, நாலாம் விதி. நோயாளரால் கையெழுத்துப் போட ஏலாது. வாயால் சொல்வதை ஃபைலில் கோர்க்க ஏலாது. தொப்பி சொல்வதை அச்சடிக்கலாம், முத்திரை குத்தலாம், கோர்க்கலாம். ஆகவே ஆளைப் பற்றின எந்தத் தீர்மானமும் தொப்பியால் சொன்னால்தான் செல்லும். ஃபைலுக்கு வசதியான இடத்தில் உண்மையும் வந்து குந்திக்கொள்ளும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

தொப்பி போடுகிறவள் பிராவ் கெஸ்லர் என்ற இளம்பெண். நல்ல பிள்ளை, குளிர்ந்த விரல். நீச்சற்குளத் தொப்பி மாதிரி ஒன்றை இழுத்துப் போட்டு, அதிலுள்ள முப்பத்திரண்டு ஓட்டைகளிலும் ஊசியில்லாச் சிறிஞ்சால் களி ஒன்றை விட்டு, வயர்களைக் கொளுவுவாள். அரைமணித்தியாலம் பிடிக்கும். முன்னால் ஒரு திரை. திரையில் ஒரு பந்து. வலக்கையை அசைப்பதாக நினைத்தால் பந்து மேலே போகும், அது "ஓம்". இடக்கையை நினைத்தால் கீழே இறங்கும், அது "இல்லை". இவ்வளவுதான் சங்கதி.

"மற்றவர்கள் இறப்பர்ப் பந்தை நசுக்குவதாக நினைப்பார்கள்" என்றாள் பிராவ் கெஸ்லர்.

சில்வெஸ்டர் நசுக்கிப் பார்த்தார். பந்து கொஞ்சம் ஏறியது, நூற்றுக்கு ஐம்பத்தெட்டு வீதம் என்று திரை காட்டியது. பிறகு நெற்றியில் சிலுவை போடுவதாக நினைத்துப் பார்த்தார். அறுபத்தொன்று. பத்து வருசமாக ஞாயிறு பூசைக்கு எத்தனை தரம் போனார் என்று அந்த இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது போல் இருக்க, அந்த யோசனையை அத்தோடு விட்டார். அதற்குள் மத்தியானமாகி, அவித்த உருளைக்கிழங்கு மணம் வந்தது. எட்டு மாதமாகக் கரண்டியால் ஊட்டுகிற களிச் சாப்பாடு. சில்வெஸ்டருக்குத் தன்பாட்டில் ஒரு கோப்பைச் சோறு கண்ணுக்குள் வந்தது. மேலே விளமீன் குழம்பு, பக்கத்தில் சொதி. விரல் நுனியால் பிசைந்து, உருட்டி, பெருவிரலால் வாய்க்குள் தள்ளினார். பந்து துள்ளிப் போய்த் திரையின் உச்சியில் இடித்து அங்கேயே நின்றுவிட்டது.

தொண்ணூற்று நாலு வீதம். அந்த நிலையம் அதுவரைக்கும் கண்ட அதிகபட்ச "ஓம்" எழுபத்திரண்டுதானாம். பேராசிரியர் கையில் சான்ட்விச்சோடு ஓடி வந்தார்.

"என்ன நினைத்தீர்கள்?"

"சோறு" என்றார் சில்வெஸ்டர்.

இதற்குமட்டும் வாயை நம்பினார்கள். அடுத்த கிழமை "சோற்று நெறிமுறை" என்று பதினெட்டுப் பக்கம் வந்தது. அன்ரனிற்றாவை அழைத்து விரிவுரை மண்டபத்தில் உட்காரவைத்து, சோறு குழைத்துக் காட்டச் சொன்னார்கள். பதினொரு வைத்தியர்கள் வெள்ளைக் கோட்டோடு கோப்பைக்கு முன்னால் குந்தியிருந்து பழகினார்கள். பேராசிரியருக்குச் சொதி முழங்கை வரைக்கும் ஓடியது. உணவை உள்ளே தள்ளுவது பெருவிரலின் பின்பக்கம்தான் என்று ஒருவர் கண்டுபிடித்து, அதை வீடியோவில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

அன்ரனிற்றா பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்வரை சிரித்தாள். அடுத்த நாள் அவள் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். நோயாளிக்குச் சோறு தடை. ஏக்கம்தான் சமிக்ஞையின் எரிபொருள், ஏக்கம் தீர்ந்தால் தரவு கெட்டுவிடும் என்று விளக்கம்.

"அவர் சோறு வேணும் எண்டு கேக்கிறார்" என்றாள் அன்ரனிற்றா.

"தொப்பியிடம் கேட்போம்" என்றார் பேராசிரியர்.

தொப்பி போட்டார்கள். களி விட்டார்கள். "ஹேர் சில்வெஸ்டர், உங்களுக்குச் சோறு நிறுத்தப்படுவதற்குச் சம்மதமா?" சோறு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த மனிசன் எதை நினைப்பார்? பந்து உச்சியில் போய் இடித்தது. தொண்ணூற்றாறு வீதம் சம்மதம். அச்சடித்து, முத்திரை குத்தி, கோர்த்தார்கள்.

"ஓம்" சொல்ல ஒரு வழி இருந்ததே, "இல்லை" சொல்ல ஏன் வழியில்லை என்று கேட்பீர்கள். அதுதான் வில்லங்கம். இடக்கையை நினைக்கவேண்டும். எங்கடை ஆட்களுக்கு இடக்கை என்றவுடன் முதலில் ஞாபகம் வருகிற வேலை என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. காலமை எழும்பினால் அதற்கென்று ஒதுக்கின வேலை ஒன்று இருக்கிறது, தண்ணீர்ச் செம்போடு. சில்வெஸ்டருக்கும் அதுதான் வந்தது. முன்னால் பிராவ் கெஸ்லர், மகள் வயதுப் பெட்டை, அவருடைய மூளையை வயர் போட்டுத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் அதை நினைக்கலாமோ? வெட்கத்தில் மனம் ஓடித் தப்பும். பசித்த மனிசனின் மனம் ஓடித் தப்பினால் எங்கே போகும்? சோற்றுக்குத்தான் போகும். பந்து மேலே போகும்.

"இடக்கைக்கு என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவள் கேட்டபோது சில்வெஸ்டர் முகம் சிவந்து, "ஒண்டுமில்லை" என்றார். அவள் அப்படியே எழுதினாள். அதற்குக் கீழே பேராசிரியர் தன் கையால் சேர்த்தார்: தெற்காசிய நோயாளரின் மூளையில் மறுப்புக்கான ஆற்றல் இயல்பிலேயே குறைவு. கலாசாரக் காரணமாக இருக்கலாம். மிகவும் இணக்கமானவர்.

மூன்று மேலாளர்மாரும் அதை வாசித்திருந்தால் தலையில் அடித்திருப்பார்கள்.

சில்வெஸ்டரின் அறையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஹேர் கமின்ஸ்கி. முப்பது வருசம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, ஓய்வெடுத்து, பழமரத்தில் இருந்து விழுந்து கழுத்தை முறித்துக்கொண்ட மனிதர். அவருடைய கதை நேரெதிர். வலக்கை விரல் மூன்றை வாலிப வயதிலேயே சுரங்கம் தின்றுவிட்டது. அதனால் எல்லா வேலையும் இடக்கைதான். வலக்கையை நினை என்றால் அவருடைய மூளையில் ஒன்றும் எரியாது. பந்து எப்போதும் கீழேதான். சூப் வேண்டுமா? இல்லை. மகளைப் பார்க்க விருப்பமா? இல்லை. யன்னலைத் திறக்கவா? இல்லை. மூடவா? இல்லை.

ஆரம்பத்தில் இருவரும் இதை வைத்துப் பகிடி பண்ணினார்கள். "உன்னையும் என்னையும் ஒட்டித் தைத்தால் ஒரு முழு மனிதன் வரும்" என்றார் கமின்ஸ்கி. பிறகு ஒரு நாள் "வலிக்கிறதா?" என்று தொப்பியிடம் கேட்டார்கள். இல்லை, எண்பத்தொன்பது வீதம். வலி மருந்தை நிறுத்திவிட்டார்கள். கமின்ஸ்கி பின்னேரம் முழுக்கக் கத்தினார். தாதி ஒருத்தி வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள், வாய்ச் சத்தம் மற்றவர்களின் தரவைக் குழப்புகிறதாம். சில்வெஸ்டர் மணி அடிக்கச் சொல்லிக் கத்தினார், தமிழில் ஏசினார், ஜேர்மனில் கெஞ்சினார். ஒருத்தரும் வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, சில்வெஸ்டரைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தபோது பக்கத்துக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தது.

"எங்கே அவர்?"

"ஹேர் கமின்ஸ்கி மறுத்துவிட்டார்" என்றாள் பிராவ் கெஸ்லர்.

"எதை?"

அவள் பட்டியலைப் புரட்டினாள். நல்ல பிள்ளை என்றேனே, கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது. "எல்லாவற்றையும்" என்றாள்.

அந்த மனிசன் செத்த அன்றைக்குத்தான் சில்வெஸ்டருக்குப் பயம் பிடித்தது. கழுத்துக்குக் கீழே உணர்வில்லாத உடம்பில் பயம் எங்கே இருக்கும் என்று நினைப்பீர்கள். நாக்கில் இருந்தது. இரண்டு நாள் பேச்சே வரவில்லை.

ஆறு கிழமை முடிந்தது. "பயிற்சியைத் தொடர விருப்பமா?" என்று கேட்டார்கள். சில்வெஸ்டர் வாயால் "நைன்" என்றார், ஜேர்மனில் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சொல் கிடையாது. தொப்பி ஓம் என்றது. இன்னும் ஆறு கிழமை. அது முடியவும் நைன், நைன், நைன் என்று கட்டிடம் அதிரக் கத்தினார். தொப்பி தொண்ணூற்று நாலு வீதம் ஓம். இன்னும் ஆறு கிழமை. வீட்டில் கட்டில் யன்னலோரம் வெறுமனே கிடந்தது. அன்ரனிற்றா கிழமைக்கொருக்கா அதன் விரிப்பை மாற்றினாள்.

ஐப்பசியில் பேராசிரியர் ஒரு கடதாசியோடு வந்தார். இரண்டாம் கட்டம். தொப்பி மண்டையோட்டுக்கு வெளியே நிற்பதால் சத்தம் மங்கலாகக் கேட்கிறது. மண்டையோட்டைத் திறந்து, மூளைமேல் ஊசித் தகடு ஒன்றை வைத்தால் தெளிவாகக் கேட்கும். மனிதரில் இந்த நிலையம் செய்யப்போவது முதல்முறை. நோயாளியின் சம்மதம் ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டது.

"எப்ப பெற்றனீங்கள்?" என்று அன்ரனிற்றா கேட்டாள்.

"போன வியாழன். தொண்ணூற்று நாலு வீதம்."

"இவர் வேண்டாம் எண்டு சொல்லுறார். இஞ்சை பாருங்கோ, வாயால சொல்லுறார். சொல்லுங்கோ."

"நைன்" என்றார் சில்வெஸ்டர்.

பேராசிரியர் அவரைப் பார்க்கவில்லை. அன்ரனிற்றாவின் தோளில் கை வைத்து, இரக்கத்தோடு சொன்னார்: "அம்மணி, ஐந்து மாதங்களில் உங்கள் கணவரிடம் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறோம். ஒன்றைக்கூட அவர் மறுக்கவில்லை. இவ்வளவு உறுதியான மனிதரை நான் என் வாழ்நாளில் சந்தித்ததில்லை. நானே என்னுடன் இவ்வளவு தூரம் உடன்பட்டதில்லை. அவருடைய வாய் ஏதோ சொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் அவருக்குச் சிகிச்சை அளிக்கிறோம், அவருடைய வாய்க்கு அல்ல."

அன்ரனிற்றா காப்புறுதி அலுவலகத்துக்கு ஓடினாள். மூன்று கிழமை காத்திருந்து எடுத்த நேரம். அங்கேயிருந்த அலுவலர் ஃபைலைத் திறந்து, அச்சடித்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, முகமெல்லாம் மலர்ந்தார். "எங்கள் காப்புறுதியாளர்களில் இவ்வளவு திருப்தியான மனிதர் வேறு இல்லை" என்றார். வரப்போகிற வருசத்துக் கலண்டரில் அவருடைய படத்தைப் போட விருப்பம் என்றும், அதற்கான சம்மதத்தையும் நிலையம் ஏற்கெனவே அனுப்பிவிட்டது என்றும் சொன்னார். மார்ச் மாதம்.

அங்கிருந்து நேரே நிலையத்துக்கு வந்தவள் கட்டிலோரம் இருந்து கணவனின் தலையைக் கழுவத் தொடங்கினாள். காய்ந்த களி வெள்ளைச் செதிலாக உதிரும், அதை நகத்தால் சுரண்டி எடுக்கவேண்டும்.

"உங்கடை தலையிலை நல்லா மிளகாய் அரைக்கிறாங்கள்" என்றாள். "எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஒருக்கா, ஒரேயொருக்கா உந்தப் பந்தைக் கீழை இறக்க உங்களாலை ஏலாதோ? இடக்கையை நினைக்கிறது அவ்வளவு கஸ்டமோ?"

சில்வெஸ்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் சொன்னார்.

"நீர் சிரிக்கப்படாது. இடக்கை எண்டால் எனக்கு என்ன நினைவு வரும்? அந்தப் பெட்டை முன்னாலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாள். அவளுக்கு முன்னாலை நான் அதைச் செய்யிறதோ?"

அன்ரனிற்றாவுக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. விளங்கினதும் வாளியைத் தட்டிவிட்டாள். சிரித்தாள், சிரித்துச் சிரித்து அழுதாள், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவளுக்குப் பந்துதான் தெரியும், என்ரை கடவுளே. செம்பு தெரியாது."

"முப்பத்திரண்டு வயர் போட்டு வைச்சிருக்கினம். தெரியாதெண்டு நீர் என்னெண்டு சொல்லுறீர்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "சரி, அதை விடுங்கோ. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டேக்கை வலக்கை எங்கை இருந்தது?"

"லீவரிலை. ஏத்தி இறக்க."

"இடக்கை?"

ஸ்ரியறிங்கில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். இடது உள்ளங்கையில் அதை வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் மூன்று தொன் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். பதினொரு வருசம், நாளுக்கு எட்டு மணித்தியாலம். அவருடைய உள்ளங்கையில் அதற்கென்று ஒரு காய்ப்பே இருந்தது.

"நான் ஒரு விசரன்" என்றார்.

தொப்பி இனிமேல் வெள்ளிக்கிழமைதான். அன்றைக்கு அறுவைக்கு அனுமதி கொடுக்கிற ஆணைக்குழு வருகிறது. ஐந்து பேர், அவர்கள் கடைசித் தடவையாகக் கேள்வி கேட்டு, பதிலைப் பதிந்துகொண்டு போவார்கள். திங்கட்கிழமை அறுவை. சில்வெஸ்டர் நாலு நாளும் கட்டிலில் கிடந்தபடி வண்டி ஓட்டினார். குளிப்பாட்டும்போது ஓட்டினார், கரண்டியால் களி ஊட்டும்போது ஓட்டினார். இடப்பக்கம் வளைத்தார், பின்னுக்கு எடுத்தார், திரும்ப வளைத்தார். பண்டகசாலையின் ஒவ்வொரு மூலையும் வந்தது. தான் விழுந்த இறாக்கையைக்கூட இரண்டு தரம் சுற்றி வந்தார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஆணைக்குழு, காப்புறுதி அலுவலர், அமைச்சிலிருந்து ஒரு பெண்மணி. ஓரமாகக் கோப்பியும் பிளம்ஸ் கேக்கும். கடைசி வரிசையில் அன்ரனிற்றா செபமாலையைக் கைப்பைக்குள் விட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். தொப்பி போட்டாயிற்று. பிறகு பிராவ் கெஸ்லர் ஒரு தட்டோடு வந்தாள்.

அதை சில்வெஸ்டர் எதிர்பார்க்கவில்லை. சோற்று நெறிமுறையில் ஏழாம் பக்கம்: முக்கியமான கேள்விகளுக்கு முன் தூண்டலை வழங்குக. ஆவி பறக்கிற சோறு, மேலே மீன் குழம்பு. யாரோ எங்கள் ஆட்களின் கடையொன்றில் வாங்கி வந்திருக்கவேண்டும், கறிவேப்பிலை மணம் மூக்கில் ஏறியது. ஐந்து மாதமாகிறது அந்த மணம் பிடித்து. தட்டை அவருடைய நாடிக்குக் கீழே, நாக்குக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு அவள் விலகினாள்.

ஆணைக்குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "ஹேர் சில்வெஸ்டர், இரண்டாம் கட்ட அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதமா?"

பந்து மெல்ல மேலே எழும்பியது. பேராசிரியர் புன்னகைத்தார். சில்வெஸ்டர் கண்ணை இறுக மூடினார். வாய் நிறைய எச்சில். குழம்பை விட்டு, சோற்றை விட்டு, வண்டியில் ஏறி இருந்தார். இருக்கை குளிர்ந்தது. இடது உள்ளங்கைக்குள் கறுப்புக் குமிழ் வந்து உட்கார்ந்தது. வளைத்தார். பந்து நடுவழியில் நடுங்கி நின்றது. முழுப்பலத்தோடு வளைத்தார். பந்து விழுந்து திரையின் அடியில் இடித்தது.

அமைச்சுப் பெண்மணி கோப்பியைக் கீழே வைத்தாள்.

தலைவர் திரும்பக் கேட்டார். இல்லை. மூன்றாம் முறை கேட்டார். இல்லை, தொண்ணூற்றேழு வீதம்.

முதலில் கை தட்டினது பேராசிரியர்தான். எழும்பி நின்று தட்டினார். பிறகு எல்லாரும் எழும்பினார்கள். அன்ரனிற்றாவும் அழுதுகொண்டு தட்டினாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

"பெருமதிப்புக்குரியவர்களே" என்றார் பேராசிரியர். "இந்த இல்லத்தில் இதுவரை இவ்வளவு தெளிவான மறுப்பை நான் கேட்டதில்லை. ஓமும் இல்லையும் ஒரே மூளையில், இரண்டும் தொண்ணூற்றுக்கு மேல். இரண்டாம் கட்டம் காத்திருந்த மூளை இதுதான். இவரைத் திறக்காமல் விடுவது அறிவியலுக்குச் செய்யும் துரோகம்."

"நான் இல்லையெண்டு சொல்லிட்டன்" என்றார் சில்வெஸ்டர்.

"ஆம்" என்றார் பேராசிரியர் அன்போடு. "அற்புதமாகச் சொன்னீர்கள்."

அமைச்சுப் பெண்மணிக்கு ஏதோ உறுத்தியிருக்கவேண்டும், தலைவரின் காதில் குனிந்து கேட்டாள். தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்பதாம் விதி. புதிதாகத் தோன்றும் சமிக்ஞையின் முதல் மூன்று தடவைகளும் அளவுகோல் சரிபார்ப்புக்கே உரியவை, பதிலாகக் கொள்ளப்படமாட்டா. அடுத்த அமர்விலிருந்து செல்லுபடியாகும். அதுவரைக்கும் முந்திய பதில் நிற்கும்.

"அடுத்த அமர்வு எப்போது?" என்று அவள் கேட்டாள்.

"அறுவைக்குப் பிறகு" என்றார் பேராசிரியர். "புதிய கருவியோடு."

அவள் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். அன்ரனிற்றா கதிரைகளுக்குள்ளால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இப்ப நாலாந்தரமாக் கேளுங்கோ. தொப்பி தலையிலைதானே கிடக்கு. ஒரே ஒருக்காக் கேளுங்கோ." அவளுடைய ஜேர்மனில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணியாகிவிட்டது, நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டுக்குக் கேக் என்று போட்டிருந்தது. பிராவ் கெஸ்லர் வயர்களைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். சோற்றுத் தட்டை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியில் பேராசிரியர் அதில் ஒரு பிடி எடுத்து, பெருவிரலின் பின்பக்கத்தால் சரியாகத் தள்ளி உண்டார்.

சனியும் ஞாயிறும் அன்ரனிற்றா ஒரு வக்கீலைத் தேடி அலைந்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். அறுவை எட்டு மணிக்கு.

திங்கள் காலமை பிராவ் கெஸ்லர் தலைமயிர் வழிக்கிற மெசினோடு வந்தாள். தொப்பி சுவரில் ஆணியில் தொங்கியது, கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். சில்வெஸ்டர் அதைப் பார்த்தார். ஐந்து மாதமாக அவர் திட்டித் தீர்த்த தொப்பி.

"தயவுசெய்து தொப்பியைப் போடுங்கோ" என்றார். "ஒரேயொரு கேள்வி காணும். நான் பதில் சொல்லவேணும்."

அவள் மெசினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் உண்மையான வருத்தம். "ஹேர் சில்வெஸ்டர், அட்டவணைக்கு வெளியே தொப்பி போடுவதென்றால் நோயாளி கோரவேண்டும்."

"நான்தானே கோருறன்."

"தொப்பியால் கோரவேண்டும்" என்றாள் அவள், மெல்லிய குரலில்.

பிறகு மெசினைப் போட்டாள். காதோரம் குளிர்ந்தது. நெற்றிக்கு மேலே ஒரு பாதை விழுந்து, மயிர் தோளில் சொரிந்தது. தோளில் விழுந்ததை அவர் உணரவில்லை, கண்ணால்தான் பார்த்தார். கண்ணை மூடி வண்டியில் ஏறினார். குமிழைப் பிடித்து இடப்பக்கம் முழுவதும் வளைத்தார். இல்லை. பின்னுக்கு எடுத்துத் திரும்ப வளைத்தார். இல்லை. பண்டகசாலையில் ஒருத்தரும் இல்லை, விளக்கெல்லாம் எரிந்தது, அவர் வளைத்துக்கொண்டே இருந்தார். முன்னால் இருந்த திரை அணைந்து கிடந்தது.

பிராவ் கெஸ்லர் தலையைத் துணியால் துடைத்தாள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மயிரையும் கவனமாக எடுத்துவிட்டாள். பிறகு மேசையில் கிடந்த தாளை எடுத்து, நேரம் ஆறு ஐம்பது என்று எழுதி, கீழே இருந்த கட்டத்தில் குறித்தாள்: நோயாளி எந்தத் தடையும் தெரிவிக்கவில்லை.